முள் இல்லாத உருண்டை

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில், மலையிலிருந்து இறங்கி வரும் ஓடை ஓரிடத்தில் தேங்கி ஆழமான மடுவாகக் கிடந்தது. அந்த மடுவில் கெண்டை மீன்கள் கூட்டமாக வாழ்ந்தன. பாறையில் படர்ந்த பாசியை உரசித் தின்பதும், மணலைக் கிளறி நத்தையும் புழுவும் தேடுவதும் அவற்றின் அன்றாட வேலை. விடிந்ததும் கிளம்பினால் வெயில் சாயும்வரை அலைய வேண்டும். அப்போதுதான் வயிறு நிறையும்.

அந்தக் கூட்டத்தில் சேலி என்றொரு கெண்டை இருந்தாள். அவள் நல்ல புத்திசாலி. தான் புத்திசாலி என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது. அதுதான் சிக்கல்.

பொங்கல் கழிந்த சமயம், பக்கத்து ஊரிலிருந்து சூசையப்பன் என்பவரும் அவருடைய மைத்துனர் இருதயமும் தூண்டிலோடு மடுவுக்கு வந்தார்கள். கரையில் இருந்த மருத மரத்தின் நிழல் அவர்களுக்குப் பிடித்துப் போயிற்று. மைதா மாவையும் கடலைப் பிண்ணாக்கையும் வெல்லப் பாகில் பிசைந்து, ஏலக்காய்ப் பொடி தூவி, எலுமிச்சம்பழ அளவில் உருட்டினார்கள். முதலில் சில உருண்டைகளைச் சும்மா தண்ணீரில் எறிந்தார்கள். மீன்களை ஓரிடத்தில் கூட்டுவதற்கு அது ஒரு வழி. பிறகு முள்ளில் ஓர் உருண்டையைக் குத்தித் தூண்டிலை வீசினார்கள்.

அந்த வாசனையை மீன்கள் அதுவரை அறிந்ததில்லை. ஓடி வந்தன. வந்தவற்றில் சில துள்ளத் துடிக்கக் கரைக்குப் போயின. மற்றவை பயந்துபோய்ப் பாறை இடுக்குகளில் ஒளிந்துகொண்டன.

சேலி மட்டும் மருத மரத்தின் வேருக்குள் புகுந்துகொண்டு, என்ன நடக்கிறது என்று கூர்ந்து கவனித்தாள். அன்று முழுவதும் கவனித்தாள். வெயில் சாய்ந்து இருவரும் வீடு திரும்பியதும் எல்லோரையும் கூப்பிட்டாள்.

"தூண்டில் நரம்பில் கட்டிய உருண்டை தண்ணீருக்கு நடுவே தொங்குகிறது. கட்டாத உருண்டை அடியில் போய் மணலில் உருள்கிறது. தொங்குவதில்தான் முள் இருக்கிறது. அதைத் தொடாதீர்கள். கிடப்பதைத் தாராளமாகத் தின்னலாம்" என்றாள்.

மறுமுறை அவர்கள் வந்தபோது மீன்கள் அப்படியே செய்தன. தொங்கிய உருண்டை தொங்கிக்கொண்டே இருந்தது. கிடந்த உருண்டைகள் எல்லாம் காலியாயின.

இருதயத்துக்கு இது விளங்கவில்லை. இரை போதவில்லை, அதனால்தான் மீன் வரவில்லை என்று அவர் தன் அத்தானிடம் சொன்னார். சூசையப்பனும் அது சரிதான் என்று நினைத்தார். அதற்கடுத்த வாரம் ஒரு வாளி நிறைய மாவு வந்தது. அதற்கும் அடுத்த வாரம் ஒரு சாக்கு.

மடுவில் கொண்டாட்டம்தான். மனிதர்களை ஏமாற்றித் தின்கிறோம் என்ற பெருமிதம் ஒரு பக்கம்; வெல்லத்தின் இனிப்பு இன்னொரு பக்கம். சேலியைக் காணும்போதெல்லாம் கெண்டைகள் வழிவிட்டு ஒதுங்கின. பூரணன் என்ற தின்பண்டப் பிரியன் ஒருவன் இருந்தான். இப்படி ஒரு தலைவி எந்த மடுவுக்கும் வாய்த்ததில்லை என்று அவன் வாய் ஓயாமல் புகழ்ந்தான். புகழாத நேரத்தில் தின்றுகொண்டிருந்தான்.

பாசி தின்னப் போவோர் குறைந்தார்கள். பிறகு யாருமே போகவில்லை. மரத்தடியிலேயே எல்லாம் கிடைக்கும்போது பாறை பாறையாக அலைவானேன் என்று கேட்டார்கள்.

மடுவின் அடியில், மணலோடு மணலாக, சிறுமணி என்ற அயிரை மீன் குடியிருந்தாள். விரல் நீளம்கூட இல்லாதவள். தன் வீட்டு மணலைத் தூசு தும்பில்லாமல் வைத்துக்கொள்வதில் அவளுக்கு அப்படி ஓர் ஆசை. ஒருநாள் அவள் சேலியைத் தேடி வந்தாள்.

"சேலி அக்கா, நீங்கள் தின்று மிஞ்சிய மாவு என் வீட்டின் மேலே புளித்துக் கிடக்கிறது. மணல் கறுத்துவிட்டது. மூச்சுவிட முடியவில்லை. நத்தைகள் செத்து மிதக்கின்றன" என்றாள்.

"மிச்சம் வைக்காமல் தின்னச் சொல்கிறேன்" என்றாள் சேலி.

"தின்பதும்தான் பயமாக இருக்கிறது, அக்கா. உங்கள் செதிலில் முன்பிருந்த மினுமினுப்பைக் காணோம்."

சேலிக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. ஆனாலும் காட்டிக்கொள்ளவில்லை. தூண்டிலுக்கே தண்ணீர் காட்டியவளுக்கு எது நல்லது, எது கெட்டது என்று தெரியாதா என்று சிரித்தபடி அனுப்பிவிட்டாள். சிறுமணி வாதாடவில்லை. தன் குடும்பத்தை அழைத்துக்கொண்டு, ஓடை வந்து விழும் பக்கத்துக்கு வீட்டை மாற்றிக்கொண்டாள். அங்கே தண்ணீர் புதிதாக இருந்தது.

சித்திரை வெயில் ஏற ஏற, மடுவில் மாற்றங்கள் தெரிந்தன. தின்ன ஆளில்லாததால் பாறைப் பாசி நார் நாராக நீண்டு தொங்கியது. அடியிலிருந்து குமிழிகள் எழும்பி நாற்றம் வீசின. விடியற்காலையில் கெண்டைகள் தண்ணீர்ப் பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. காற்றோட்டமாக இருக்கிறது, அதனால் வருகிறோம் என்று சொல்லிக்கொண்டார்கள். உண்மையில் கீழே மூச்சுவிடக் காற்றில்லை. நீந்தினால் களைப்பு. நின்றால் தூக்கம். வயிறு மட்டும் குடம் போல இருந்தது.

இதையெல்லாம் கண்டு மகிழ்ந்தவன் ஒருவன் உண்டு. துழாவன் என்ற நீர்நாய்.

துழாவன் அந்த மடுவின் பழைய வேட்டைக்காரன். முன்பெல்லாம் ஒரு கெண்டையைப் பிடிக்க மடுவைச் சுற்றிச் சுற்றித் துரத்துவான். அடியில் பாய்ந்து, பாறையைச் சுழன்று, கடைசியில் வெறுங்கையோடு கரையேறும் நாள்களே அதிகம். இப்போது அந்தச் சிரமமே இல்லை. தூங்கி எழுந்து, மரத்தடியில் இறங்கி, எந்தக் கெண்டை பக்கத்தில் இருக்கிறதோ அதைக் கவ்வினால் போதும். தின்பான், படுப்பான், மறுபடி தின்பான். அவன் மனைவி அவனைப் பார்த்து, முன்பு நீர்நாயைக் கட்டிக்கொண்டேன், இப்போது காட்டுப்பன்றியோடு குடித்தனம் நடத்துகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒருநாள் பிற்பகல். காலையிலேயே ஒரு கொழுத்த கெண்டையைத் தின்றுவிட்டு வந்திருந்த துழாவன், பொழுது போகாமல் தண்ணீரில் இறங்கினான். எதிரே சேலி நின்றிருந்தாள்.

சேலி திரும்பி ஓடினாள். ஓடினாள் என்று அவள்தான் நினைத்தாள். துழாவன் நிதானமாகப் பின்னால் வந்துகொண்டிருந்தான். கரையோரம் போய் மருத மரத்தின் வேர்களுக்கு இடையே தலையை நுழைத்தாள். அது அவள் வழக்கமாக ஒளியும் இடம். சென்ற ஆண்டெல்லாம் செதில்கூட உரசாமல் அதற்குள் புகுந்திருக்கிறாள்.

தலை போயிற்று. வயிறு போகவில்லை.

முன்னே போக முடியவில்லை, பின்னே வர முடியவில்லை. வேர் இரண்டு பக்கமும் இறுக்கியது. வால் வெளியே ஆடிக்கொண்டிருந்தது. சேலிக்கு அந்த நொடியில் எல்லாம் புரிந்தது. சிறுமணி சொன்னதும், விடியற்காலையில் மூச்சுக்கு அலைந்ததும், பாதிக் கூட்டம் காணாமல் போனதும் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. முள்ளைக் கண்டுபிடித்தவள் உருண்டையைப் பார்க்காமல் விட்டுவிட்டாளே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

வெளியே துழாவன் அவள் வாலின் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டான். "இன்றும் ஓட்டமே இல்லை" என்று முணுமுணுத்தான்.

அந்தப் பெருமூச்சு சேலிக்குக் கேட்டது. சாகப் போகிறவளுக்கு அது ஒரு நூலிழை போல இருந்தது.

"நீர்நாயாரே, என்னைத் தின்னுங்கள். தடுக்க என்னால் முடியாது. அதற்கு முன் ஒன்றே ஒன்று சொல்லுங்கள். காலையில் தின்ற கெண்டையின் வயிற்றில் சினை இருந்ததா?" என்றாள்.

துழாவனுக்கு மீன் சினை என்றால் உயிர். ஆண்டு முழுவதும் அதற்காகக் காத்திருப்பான். கேள்வியைக் கேட்டதும் அவன் மீசை அசைவது நின்றது.

"இல்லை. மஞ்சள் மஞ்சளாகக் கொழுப்புதான் இருந்தது. ஈரல்கூட வீங்கி வெளுத்திருந்தது" என்றான்.

"நேற்றுத் தின்றதில்?"

"அதிலும் இல்லை."

"சென்ற ஆண்டு இதே சித்திரையில்?"

துழாவன் நாக்கால் வாயை நக்கிக்கொண்டான். "வயிறு கொள்ளாத சினை. கடுகு கடுகாக."

"மழை வந்ததும் நாங்கள் ஓடை இறங்கி வரும் படிப்பாறை ஏறி மேலே புல்வெளிக்குப் போவோம். அங்கேதான் முட்டையிடுவோம். குஞ்சுகள் அங்கிருந்து இந்த மடுவுக்கு இறங்கும். இந்த வேர் இடுக்கில் நுழைய முடியாத நான் பாறை ஏறுவேனா? ஏறினாலும் இடுவதற்கு முட்டை ஏது? இருக்கிறவர்களை நீங்கள் தின்று தீர்ப்பீர்கள். அடுத்த கோடையில் இங்கே தவளைதான் இருக்கும்."

துழாவன் சற்று யோசித்தான். "அதனால் என்ன? நான் வேறு மடுவுக்குப் போய்க்கொள்வேன்."

"அந்த மடுவில் மாவு உருண்டை கிடையாது. அங்குள்ள கெண்டைகள் ஓடும். உங்களால் துரத்த முடியுமா?"

துழாவன் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தான். அது தண்ணீரில் ஒரு பக்கமாக மிதந்துகொண்டிருந்தது. கரையிலிருந்து வேர்வரை வந்ததற்கே மூச்சு வாங்கியது அவனுக்கு நினைவு வந்தது. மனைவி சொன்ன பேச்சும் இப்போதுதான் காதில் விழுந்தது.

"என்ன செய்யச் சொல்கிறாய்?" என்று கேட்டான். குரல் இறங்கியிருந்தது.

"இந்த மரத்தடியில் காவல் இருங்கள். உருண்டை தின்ன வருகிறவர்களை விரட்டுங்கள், பிடியுங்கள், தின்னுங்கள். வருவது நானாக இருந்தாலும் விடாதீர்கள். உங்கள் மேலுள்ள பயத்தைத் தவிர வேறெதுவும் எங்களை அந்த வாசனையிலிருந்து தள்ளி நிறுத்தாது. எனக்கு என் கூட்டத்தைத் தெரியும். என்னையும் தெரியும்."

"இப்போது உன்னை விட்டால் எனக்கு என்ன லாபம்?"

"பாசி தின்று இளைத்த பிறகு துரத்துங்கள். முடிந்தால் பிடியுங்கள்" என்றாள் சேலி.

துழாவனுக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. வெகுநாளாக யாரும் அவனுக்குச் சவால் விட்டதில்லை. வாலைப் பிடித்து இழுத்தான். சில செதில்களை வேரில் விட்டுவிட்டுச் சேலி வெளியே வந்து விழுந்தாள்.

அன்றே அவள் கூட்டத்தைக் கூட்டி, நடந்ததை மறைக்காமல் சொன்னாள். தன் யோசனைதான் எல்லோரையும் இந்த நிலைக்குக் கொண்டுவந்தது என்றும் சொன்னாள். பலருக்குக் கோபம். உருண்டையைக் காட்டியவளே இப்போது பிடுங்குகிறாளே என்றார்கள். ஆனால் மரத்தடியில் துழாவன் குடியேறிவிட்டதைப் பார்த்த பிறகு பேச்சு அடங்கிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சூசையப்பனும் இருதயமும் வந்தார்கள். எறிந்த உருண்டைகளைச் சுற்றி ஒரு நீர்நாய் புரண்டு விளையாடிக்கொண்டிருந்தது. மீன் வாடையே இல்லை. நீர்நாய் புகுந்த இடத்தில் மீன் நிற்காது என்றும், இனி இங்கே உட்கார்ந்திருப்பது வீண் என்றும் சூசையப்பன் சொன்னார். இரண்டு வாரம் பார்த்துவிட்டுத் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டார்கள். மீதியிருந்த மாவை இருதயம் கொட்டப் போனபோது, வீட்டு மாட்டுக்காவது ஆகும் என்று சூசையப்பன் அதையும் எடுத்துப் போய்விட்டார்.

முதல் சில நாள்கள் கெண்டைகளுக்குக் கடினமாகத்தான் இருந்தன. பாசி சப்பென்றிருந்தது. உரசி உரசி உதடு வலித்தது. நத்தையைத் தேடிப் பாதி தூரம் போவதற்குள் பலருக்குக் களைத்துவிட்டது. சேலி யாரையும் அதட்டவில்லை. எல்லோருக்கும் முன்னால் போய், மிக நீண்டு தொங்கிய பாசியில் வாய் வைத்தாள். அவளைப் பார்த்து ஒவ்வொருவராக வந்தார்கள்.

பூரணனால் மட்டும் முடியவில்லை. பழைய மாவு கொஞ்சம் மரத்தடிச் சேற்றில் மிச்சம் இருக்கும் என்று நினைத்து, மெதுவாக நழுவிப் போனான். துழாவன் பாய்ந்தான். பூரணன் தன் வாழ்நாளில் அப்படி நீந்தியதில்லை. மடுவை ஒரு சுற்றுச் சுற்றி, பாறையில் மோதி, துடுப்பில் ஒரு கிழிசலோடு தப்பி வந்தான். மூச்சு இரைக்க இரைக்க, தன்னால் இவ்வளவு வேகமாகப் போக முடியும் என்று தனக்கே தெரியாது என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அதன் பிறகு அவன் பாசிக் கூட்டத்தை விட்டுப் பிரியவே இல்லை.

துழாவன் கரையில் படுத்து இளைப்பாறினான். அவனுக்கும் மூச்சு இரைத்தது. ஆனால் வெகுநாள் கழித்து ஓடிய ஓட்டம் அது. மீனைக் கோட்டை விட்டாலும் உடம்பு லேசாக இருந்தது.

அந்த ஆண்டு மழை தாமதமாகவே வந்தது. அதுவும் ஒரு வகையில் நல்லதாயிற்று. பாறைகள் வெளுத்துச் சுத்தமாயின. அடிச் சேறு மெல்ல மெல்லக் கரைந்தது. குமிழிகள் நின்றன. சிறுமணி குடும்பத்தோடு திரும்பி வந்து, மணலை முகர்ந்து பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினாள். சேலி அவளிடம் போய், நீ சொன்னபோதே கேட்டிருக்க வேண்டும் என்றாள். சிறுமணி அதற்கு, "வீடு கிடைத்துவிட்டது, அக்கா. அது போதும்" என்றாள்.

கெண்டைகளின் செதில் மறுபடி வெயிலில் மின்னியது. வயிறு ஒட்டியது. ஆடி பிறந்தபோது அதே வயிறு வேறு விதமாக நிறைந்தது. சேலி தன் உடம்பில் அந்தப் பாரத்தை உணர்ந்தபோது, பாசி மேய்வதை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் அசையாமல் நின்றாள். இந்தப் பாரம் அவளைச் சோர வைக்கவில்லை.

ஒரு காலையில் மலையில் இடி முழங்கியது. ஓடையில் செந்நிறப் புதுவெள்ளம் பெருகி, படிப்பாறையில் இறங்கி மடுவில் விழுந்தது. அதன் மண் வாசனை பட்டதும் கெண்டைக் கூட்டம் முழுவதும் திரும்பி வெள்ளத்தை எதிர்த்து நீந்தத் தொடங்கியது.

எல்லோராலும் ஏற முடியவில்லை. பூரணன் முதல் படியில் ஏறி, இரண்டாவது படியில் சறுக்கி, மடுவிலேயே விழுந்தான். அவனைப் போல இன்னும் சிலரும் விழுந்தார்கள். அடுத்த மழைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவன் மற்றவர்களைத் தேற்றினான்.

சேலி ஏறினாள். ஒரு படி, அடுத்த படி. தண்ணீர் அவளைப் பின்னுக்குத் தள்ளியது. அவள் வாலை அடித்து முன்னே எழும்பினாள்.

உச்சிப் பாறையில் துழாவன் காத்திருந்தான். அவன் வேட்டைக்காரன், அங்கே நிற்பது அவன் உரிமை. இளைத்து, மினுமினுப்பாக, மீசை நிமிர்ந்து நின்றான். பக்கத்தில் அவன் மனைவியும் உட்கார்ந்திருந்தாள். சேலி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே எழும்பியதும், துழாவன் முழு பலத்தோடு தாவினான். அவன் பல் அவள் வாலின் நுனியை உரசியது. அவள் வளைந்து, அவன் தலைக்கு மேலாகப் பாய்ந்து, அந்தப் பக்கத் தண்ணீரில் விழுந்து மறைந்தாள்.

துழாவன் வெறும் வாயோடு நனைந்துபோய் நின்றான். அவள் போன திசையைப் பார்த்தான். புல்வெளியில் பரவியிருந்த தண்ணீரில் புற்களின் நுனிகள் அசைந்து அசைந்து வழிவிட்டன.

"தப்பிவிட்டாளே" என்றாள் மனைவி.

"ஆமாம்" என்றான் துழாவன். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் அந்த ஆண்டு முழுவதும் பார்த்ததில்லை.

நீதி: தூண்டில் முள்ளுக்குத் தப்பினால் மட்டும் போதாது, எளிதாகக் கிடைக்கும் இரைக்கும் தப்ப வேண்டும்.